நாலு லைனா, அஞ்சு லைனா, எத்தனை மீட்டர்? சென்னைக் கரையில் கைட்சர்ஃபிங் செய்பவர்களுக்கான கேள்வி பதில்

புதிதாக பார் (கைட்டைத் திருப்பப் பிடிக்கும் கைப்பிடிக் கம்பி) வாங்கும்போதும் பழைய பாருக்கு லைன் (பாரையும் கைட்டையும் இணைக்கும் கயிறு) மாற்றும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தண்ணீரில் பலகையோடு உங்களை இழுத்துப் போகும் பெரிய பட்டம்தான் கைட்; அதில் காற்றடித்து விறைப்பாக்கும் ரகத்தை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பயிற்சியாளரிடம் முறையாகக் கற்று, தண்ணீரில் கைட்டைத் திரும்ப எழுப்பத் தெரிந்தவர்களுக்கானது இது. இன்னும் வகுப்பே முடிக்காதவர்கள் பள்ளி தரும் பாரையே பயன்படுத்துங்கள்; வாங்கும் யோசனை அப்புறம் இருக்கட்டும்.

ஒவ்வொரு லைனுக்கும் என்ன வேலை?

நடுவில் போகும் இரண்டும் முன் லைன்கள். கைட்டின் முன் விளிம்பை இழுத்துப் பிடிப்பவை இவைதான். இவை டிரிம் வார் (முன் லைனின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை), சிக்கன் லூப் (ஹார்னஸில் மாட்டும் வளையம்) வழியாக உங்கள் ஹார்னஸில், அதாவது உடலில் கட்டும் பட்டையில், முடிகின்றன. இழுவையின் பெரும் பங்கு இவற்றில்தான் விழும். பாரின் இரு முனைகளிலிருந்து போகும் இரண்டும் பின் லைன்கள். கைட்டின் இறக்கை நுனிகளில், பின்பக்கமாக மாட்டப்படுபவை. திருப்புவதும், பாரை உள்ளே இழுக்கும்போது பவர் (இழுவிசை) ஏற்றுவதும் இவற்றின் வேலை.

இந்தச் சுமை வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன் லைன் மெல்ல மெல்ல நீளும், பின் லைன் அப்படியே இருக்கும், சில சமயம் சுருங்கவும் செய்யும். கைட் சரியாகப் பறக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தில்தான் போய் முடியும்.

நாலு லைனா, அஞ்சு லைனா?

சென்னைக் கரைக்கு நாலு. காரணம் இதுதான்.

அஞ்சாவது லைன் கைட்டின் முன் விளிம்பின் நடுவில் மாட்டப்படுவது. பிரைடில் (முன் விளிம்பின் பல புள்ளிகளுக்குப் பிரிந்து போகும் கயிற்றமைப்பு) இல்லாத பழைய சி வடிவ கைட்டுகள் பலவற்றுக்கு அது அவசியம்: வடிவம் குலையாமல் தாங்கும், ரிலீஸை (ஆபத்தில் கைட்டை ஹார்னஸிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இழுத்தால் கைட் அந்த ஒற்றை லைனில் மல்லாந்து கிடந்து பவரை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும். 2005 வாக்கில் பௌ ரக கைட்டுகள் கடைக்கு வந்தபின் நிலைமை மாறியது. பாரை வெளியே விட்டாலே பெரும்பகுதி பவர் போய்விடுகிற கைட்டுகள் அவை. இன்றைக்கு விற்கும் கைட்டுகளில் பெரும்பாலானவை பிரைடிலோடு வருகின்றன. நாலு லைனுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் ரிலீஸை இழுத்தால் கைட் ஒற்றை முன் லைனில் தொங்கிக் கொடி போல் படபடக்கும்.

அஞ்சாவது லைனின் சிக்கல் கரையோர அலையில் தெரியும். நம் கரை சரிவானது. அலை கரைக்கு மிக அருகில் வந்துதான் உடைகிறது. கைட் அந்த நுரையில் விழுந்து ஒரு சுற்று உருண்டால் போதும், அஞ்சாவது லைன் கைட்டைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் எழுப்பினால் கைட் நடுவில் இறுக்கிக் கட்டிய போ டை மாதிரி மடங்கி, தானாகவே சுற்றிச் சுற்றி முழு பவரோடு இழுக்கும். நாலு லைன் கைட்டுக்கும் இது நேரலாம்தான். ஆனால் சிக்கிக்கொள்ள ஒரு லைன் குறைவு.

உங்களிடம் சி கைட் இருந்து, தயாரிப்பாளர் அஞ்சு லைன் என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு வேண்டாம், அஞ்சுதான். அந்த கைட்டை நாலு லைனில் பறக்கவிட்டுப் பார்க்காதீர்கள்.

பழைய அஞ்சு லைன் பார் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அஞ்சாவதைக் கழற்றிவிட்டு நாலு லைன் கைட்டுக்குப் போட்டுக்கொள்ளலாமா?

இதில்தான் ஆபத்து அதிகம். அந்த பாரில் பாதுகாப்பு லீஷ் (ரிலீஸை இழுத்த பிறகும் கைட்டை உங்களோடு பிணைத்து வைக்கும் கயிறு) அஞ்சாவது லைனோடு இணைந்திருக்கும். அந்த லைனைக் கழற்றிவிட்டால் லீஷ் எதிலும் மாட்டாமல் தொங்கும். ரிலீஸை இழுத்ததும் பாரும் கைட்டும் உங்களை விட்டுப் போய்விடும். கரையில் நாலு பேர் நிற்கும் இடத்தில் அது எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். சில பார்களில் லீஷை ஒரு முன் லைனுக்கு மாற்றும் வசதி உண்டு. கையேட்டில் அந்த வழி படத்தோடு போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் மலிவு மலிவாகவே அங்கேயே இருக்கட்டும்.

பழைய பார் எதை வாங்கினாலும் ரிலீஸ் பகுதியின் வயதைப் பாருங்கள். ரிலீஸ் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 21853 தரநிலை 2020-ல் வந்தது. அதற்கு உட்பட்டவற்றைச் சுமை இருக்கும்போதும் ஒரு கையால் விடுவிக்க முடியும், திரும்பப் பூட்டவும் எளிது. லைன் பழசாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரிலீஸ் பழசாக இருந்தால் அந்த பாரையே விட்டுவிடுங்கள்.

லோ வி, ஹை வி என்கிறார்களே, அது என்ன?

இரண்டு முன் லைன்களும் எந்த உயரத்தில் பிரிகின்றன என்பதுதான் விஷயம். பாருக்குச் சற்று மேலேயே பிரிந்தால் லோ வி. பல மீட்டர் தூரம் ஒன்றாகப் போய் அப்புறம் பிரிந்தால் ஹை வி. லோ வியில் இரு லைனும் அகன்ற கோணத்தில் கைட்டை அடையும்; நுனிகளை விரித்துப் பிடிக்கும். பிரைடில் குறைவான கைட்டுக்கு அந்தத் தாங்கல் தேவை. நல்ல பிரைடில் உள்ள கைட்டுகள் பல இரண்டையும் ஏற்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: வியை மாற்றினால் டிரிம்மும் (முன், பின் லைன்களின் நீளப் பொருத்தம்) மாறும். 24 மீட்டர் லைன், கைட்டில் முன் லைன் மாட்டும் இரு புள்ளிகளுக்கும் இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லோ வியில் லைன் கிட்டத்தட்ட நேராகச் சாய்ந்து போகிறது. பிரியும் இடத்தைப் பாதி உயரமான 12 மீட்டருக்கு ஏற்றினால், லைன் முதலில் நேரே போய் அப்புறம் திடீரென விரிகிறது. கணக்குப் போட்டால் அதே கைட்டை எட்ட முன் லைனுக்கு 10 செ.மீ.க்குச் சற்று மேல் அதிக நீளம் தேவைப்படும். பின் லைனில் மாற்றம் எதுவும் இல்லை. அதாவது, ஈடு செய்யாமல் வியை ஏற்றினால் முன் லைன் குட்டையானது போல ஆகும். கைட் டிரிம்மை இழுத்துவிட்ட மாதிரி பவர் இல்லாமல் பறக்கும். வி மாற்றும் வசதியுள்ள பார்களில் தயாரிப்பாளர் இதற்கு ஈடு செய்திருப்பார். கையால் முடிச்சுப் போட்டு நீங்களாக மாற்றினால் அந்த ஈடு கிடையாது.

எந்த வி என்பதை கைட்டின் கையேடு சொல்லும். அதையே வையுங்கள்.

லைன் நீளத்தால் என்ன மாறுகிறது?

நிறையவே. நீளமான கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் பெரிய வீச்சில் ஆடுவது போல, நீளமான லைனில் கைட் நீண்ட பாதையில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் காற்றின் வேகம் கூடிப் பவர் பிறக்கிறது. மேலே போகப் போகக் காற்றும் கொஞ்சம் வலுவாக இருக்கும். விலையாகக் கொடுப்பது என்னவென்றால், கைட் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக நேரம் எடுக்கும். பாரைத் திருப்பியதும் பதில் தாமதமாக வரும். காற்றில் இழுபடும் லைனும் அதிகம்.

குட்டை லைன் இதற்கு நேர் எதிர். கைட் சட்டென்று திரும்பும். கைட்டை வட்டமாகச் சுற்றி லூப் அடித்தாலும் இழுவை சிறியதாக, சீக்கிரம் முடிந்துவிடும். மெல்லிய காற்றில் பவர் எடுப்பது கடினம். பள்ளிகளில் முதல் சில வகுப்புகளுக்குக் குட்டை லைன் கொடுப்பது இதனால்தான்.

கைட் 14 சதுர மீட்டரும் அதற்கு மேலும் இருந்து காற்றும் மெல்லியது என்றால் 24 முதல் 27 மீட்டர் வரை போகலாம். 9 முதல் 12 வரையான கைட்டுகளுக்கு 22 அல்லது 24. அலையில் சறுக்க 7, 8, 9 கைட்டுகளுக்கு 20 நன்றாக இருக்கும். வேகமாகத் திரும்ப வேண்டிய இடம் அது. ஃபாயில் போர்டில் (அடியில் இறக்கை பொருத்திய, தண்ணீருக்கு மேல் எழுந்து செல்லும் பலகை) சிறிய கைட் ஓட்டுபவர்கள் 18-க்குக் கீழேயும் வருகிறார்கள். ஃபாயிலுக்கு இழுவை குறைவாகவே தேவை, அதனால் அது சரிப்படும்.

சென்னைக்கு ஒரே ஒரு நீளம் என்றால்?

22 மீட்டர் பார், கூடவே 2 மீட்டர் நீட்டிப்பு லைன்கள் ஒரு செட்.

இங்கே வெயில் காலத்தில் ஓட்டத் தகுந்த காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்று. தென்கிழக்கிலிருந்து வரும், கிழக்கு பார்த்த நம் கரைக்கு அது சாய்வாக உள்ளே அடிக்கும் காற்று, ஓட்ட ஏற்றது. ஆனால் வலு நடுத்தரம்தான். அளவுக்கு ஒரு பழக்கமான கணக்கு இருக்கிறது: உடல் எடையை 2.2-ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தால் (நாட்ஸில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கில்) வகுக்க வேண்டும். 75 கிலோ ஆளுக்கு 14 நாட்ஸில் ஏறத்தாழ 12 சதுர மீட்டர் வரும். அந்த கைட்டை 24-ல் ஓட்டினால் கரையலையைத் தாண்டிப் போகத் தேவையான இழுவை கிடைக்கும். காற்று ஏறி 9-க்கு மாறினால் நீட்டிப்பைக் கழற்றி 22-க்கு வந்துவிடலாம்.

இடப் பிரச்சினையும் உண்டு. காற்று போகும் திசையில் லைன் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது காலியாக இருக்க வேண்டும். 24 மீட்டர் லைனுக்கு 50 மீட்டர். கோவளத்திலோ மாமல்லபுரத்துப் பக்கமோ ஃபைபர் படகு, விரித்த வலை, சவுக்குத் தோப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் அந்த 50 மீட்டர் எளிதில் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் லைனைச் சுருக்கிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். மெரினாவையும் பெசன்ட் நகரையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

தென்மேற்குப் பருவ மாதங்களில் காலையில் அடிப்பது மேல்காற்று. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று அது. எந்த லைன் போட்டாலும் அதில் இறங்கக் கூடாது. கடற்காற்று திரும்பி நிலைக்கும்வரை காத்திருங்கள். வடகிழக்குப் பருவத்தில் வாடை நன்றாக அடிக்கும் நாளும் உண்டு, இடியோடு கொட்டும் நாளும் உண்டு. மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. என்று இருந்தால் அது 24 முதல் 30 நாட்ஸ். படகு போகாத நாளில் கைட்டும் போகக் கூடாது.

நீட்டிப்பு லைனை எங்கே போட வேண்டும்?

நாலு லைனிலும், ஒரே நீளத்தில், கைட் பக்கத்து முனையில். முன் லைனுக்கு மட்டும் போடுவது, பின் லைனுக்கு மட்டும் போடுவது என்று எதுவும் கிடையாது. போட்ட பிறகு நாலையும் ஒன்றாக இழுத்து நீளம் சரிபாருங்கள். கடையில் ஒரே பாக்கெட்டில் வந்த நீட்டிப்பிலும் ஒரு செ.மீ. பிசகு இருக்கலாம்.

பாரின் அகலம் முக்கியமா?

ஆமாம், ஆனால் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 12-க்கு மேற்பட்ட கைட்டுக்கு 52 முதல் 55 செ.மீ.; 9 முதல் 12 வரை 48 முதல் 50; அதற்குக் கீழே 45-ம் அதற்குக் குறைவும். சிறிய கைட்டில் அகலமான பார் போட்டால் கொஞ்சம் திருப்பினாலே கைட் பம்பரமாகச் சுற்றும்.

லைன் என்ன பொருளால் ஆனது? மீன்பிடி நைலானோ, பின்னிய தூண்டில் நூலான பிரெய்டோ போட்டால் ஆகாதா?

ஆகாது. கைட் லைன் டைனீமா என்ற செயற்கை இழையைப் பின்னிச் செய்வது. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு, தண்ணீரில் மிதக்கும், முன்கூட்டியே இழுத்து நீட்சி எடுத்திருப்பார்கள். முன் லைன்கள் வழக்கமாக 300 கிலோவுக்கு மேல் தாங்கும், பின் லைன்கள் 200 முதல் 300. நைலான் இழுத்தால் நன்றாக நீளும். கைட்டில் போட்டால் திருப்பும் சொல்லே போய்ச் சேராது. தூண்டில் பிரெய்டு அளவில் மெலிசு. விரலை அறுக்கும், சுமையையும் தாங்காது.

டைனீமாவின் பலவீனம் சூடு. 145 முதல் 150 டிகிரியில் உருகிவிடும். வெயிலில் அவ்வளவு சூடு வராது. உராய்வில் வரும்! இறுக்கமாக நிற்கும் ஒரு லைன் மேல் இன்னொரு லைன் வேகமாக ஓடினால் ஒரு நொடியில் உருக்கி அறுத்துவிடும். இரண்டு பேர் கைட்டுகள் சிக்கிக்கொண்டால் இருவரும் உடனே ரிலீஸை இழுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இழுத்துப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தால் யாராவது ஒருவர் லைன் போகும். லைனைக் கையில் சுற்றுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஹார்னஸில் ஒரு லைன் கத்தி இருக்கட்டும்.

ஒரு கம்பெனி பாரை இன்னொரு கம்பெனி கைட்டுக்குப் போடலாமா?

பெரும்பாலும் போடலாம். மூன்று விஷயத்தைப் பாருங்கள். பாரின் வி கைட்டுக்கு ஒத்துப்போகிறதா? இணைப்பு முனைகள் பொருந்துகின்றனவா? பாரை உள்ளே இழுத்து வைத்தால் நாலு லைனும் ஒரே நீளமா? இன்றைய பார்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. சில பழைய கைட்டுகள் வேறு அளவு கேட்கும். அது கையேட்டில் இருக்கும்.

கைட்டில் மாட்டும்போது எது எங்கே என்று குழம்பாமல் இருக்க?

தயாரிப்பாளர்களில் பலர் குழப்பமே வராதபடி வைத்திருக்கிறார்கள். முன் லைன் முனையில் வளையம், கைட் பக்கம் முடிச்சு. பின் லைன் முனையில் முடிச்சு, கைட் பக்கம் வளையம். வளையத்தை மடக்கிச் சுருக்கு போட்டு, முடிச்சுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்குவதுதான் இணைப்பு. சுருக்கு முடிச்சுக்கு முன்னால் நின்றுவிட்டால் இழுவையில் நழுவி வந்துவிடும். இறுக்கியதும் ஒரு வெடுக்கு இழுத்துப் பாருங்கள்.

சிவப்பு இடது கை. எல்லா பாரிலும் அதே. மாட்டி முடித்தபின் பார் பக்கம் நின்று, ஒவ்வொரு லைனாகப் பிடித்து விரலிடையே ஓடவிட்டுக்கொண்டே கைட்வரை நடங்கள். லைன்கள் ஒன்றையொன்று தாண்டாமல் போக வேண்டும். கைட் தூக்குபவர் அவசரப்பட்டாலும் இந்த நடையை விடாதீர்கள். கைட் கடல் பக்கமும் நீங்கள் கரைப் பக்கமும் இருக்கும்படி நின்று எழுப்புங்கள். ஏதாவது தவறாகி கைட் எகிறினாலும் தண்ணீர்ப் பக்கம் இழுக்கும்.

நாலு லைனும் சம நீளமா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தவறான வி, தவறான நீளம் எல்லாவற்றையும் சமாளித்து ஓட்டலாம். ஏறுமாறான லைனைச் சமாளிக்க முடியாது.

முதலில் இடம். இடுப்பு உயரத்தில் அசையாத ஒரு கொக்கி வேண்டும்: கேட் கம்பி, சவுக்கு மரம், வீட்டு மாடியின் கைப்பிடிக் குழாய். அதில் சிறு வளையக் கயிறு ஒன்றைக் கட்டி, நாலு லைனின் முனைகளையும் ஒரே புள்ளியில் மாட்டுங்கள். வளையமுள்ள லைனில் வளையத்தின் அடிப்பகுதி, முடிச்சுள்ள லைனில் முடிச்சின் உட்பக்கம், இவை இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதில் பிசகினால் எல்லா அளவும் பிசகும்.

டிரிம் வாரை முழுதாக வெளியே விடுங்கள். ஹார்னஸைப் போட்டு சிக்கன் லூப்பை மாட்டி, பின்னால் சாய்ந்து உடல் எடையில் லைனை இறுக்குங்கள். இப்போது பாரை சிக்கன் லூப்வரை இழுத்துப் பாருங்கள். பார் சாயாமல் நேராக நின்று, பின் லைன்கள் தொய்யாமலும் முன் லைன்களைவிட இறுகாமலும் இருந்தால் சரி. வேறு நிலையில் அளக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

பார் ஒரு பக்கம் சாய்ந்தால் பின் லைன் இரண்டில் ஒன்று குட்டை. பின் லைன்கள் இரண்டும் இறுகி முன் லைன் தொய்ந்தால் முன் லைன் நீண்டுவிட்டது. பார் முனையிலுள்ள மிதவைக்குள் பின் லைன் தொடங்கும் தடித்த கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். லைனை வெளி முடிச்சுக்கு நகர்த்தினால் பின் லைன் நீளும், உள் முடிச்சுக்கு வந்தால் குறையும். இரு பக்கமும் ஒன்றுபோல் நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் குட்டை என்றால் மட்டும் அந்தப் பக்கத்தை.

முன் லைன் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் முடிச்சால் தீராது. குட்டையானதை நன்னீரில் அரை மணி ஊறவைத்து உப்பும் மணலும் கரையவிட்டு, கொக்கியில் மாட்டி உடல் எடையில் ஒரு நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். ஆகவில்லை என்றால் முன் லைன் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அது தனி வேகத்தில் நீளும்.

கைட் சரியில்லை என்பது புரிகிறது. லைனா, கைட்டா என்று எப்படித் தெரியும்?

பாரை இழுத்ததும் கைட் பின்னால் சாய்ந்து, மந்தமாகி, நீரை நோக்கிப் பின்னோக்கியே இறங்கினால் பின் லைன் குட்டை. நீரில் இருக்கும்போது டிரிம்மைக் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கலாம். கரைக்கு வந்ததும் முடிச்சை மாற்றுங்கள். பாரை வயிறுவரை இழுத்தும் பவர் வராமல், திருப்பினாலும் கைட் காது கொடுக்காமல் இருந்தால் பின் லைன் நீளம்.

கையை விட்டாலும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போனால் இடது வலது சமமில்லை. அது லைனாலும் இருக்கலாம், கைட்டின் ஒரு நுனியில் காற்று குறைவாலும் இருக்கலாம், பிரைடில் கப்பி தேய்ந்து ஒரு பக்கம் சிக்குவதாலும் இருக்கலாம். அதே பாரை வேறொரு கைட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே பக்கம் இழுத்தால் லைன்.

ரிலீஸை இழுத்தும் கைட் அடங்கவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள் வழக்கமானவை. ஒன்று, முன் லைன்கள் இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தன. சுற்றி சுற்றி ஓட்டிய பிறகு அவிழ்க்காமல் விட்டால் ஒற்றை லைன் ஓட வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுற்றியதும் பாருக்கு மேலே பார்த்து, பாரைத் திருப்பி முறுக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு, பாதுகாப்பு லைன் (லீஷோடு இணைந்த ஒற்றை லைன்) ஓடும் தூரம் குறைவு. பார் அந்த ஒற்றை லைன் வழியே கைட்டின் அகலமளவுக்காவது ஓட வேண்டும். அப்போதுதான் மற்ற மூன்றும் தொய்யும். 9-க்கு ஓடும் தூரம் போதுமானதாக இருந்த பார் 14-க்குப் போதாமல் போகலாம். மூன்று, ரிலீஸ் குழாய்க்குள் மணல்.

காற்றில்லாத நாளில் மணலில் லைனை விரித்து, கைட் இல்லாமல், ரிலீஸை இழுத்துப் பாரைக் கையால் தள்ளிப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்பது கண்ணால் தெரியும். கரையில் ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் ரிலீஸை ஒரு தடவை இழுத்துப் பூட்டுவதும் இதில் சேரும்.

லைனில் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது. முடிச்சுப் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். டைனீமாவில் சாதாரண முடிச்சு போட்டால் வலு பாதியளவுக்குக் குறையும். முடிச்சின் தடிப்பு ரிலீஸ் ஓடுவதையும் தடுக்கும். ஓட்டும்போது லைனில் தானாக விழும் சிறு முடிச்சுக்கும் இதே விதி. இறுகுவதற்கு முன் ஊசியால் அவிழ்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு சில வாரத்துக்கும் லைனைத் தளர்வாக இழுத்துப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தட்டுப்படும். நம் கரையில் அதிகமாக லைனைக் கெடுப்பவை மூன்று: படகு ஓரத்தின் ஃபைபர் பிசிறு, வலையில் ஒட்டிய சிப்பி, மணலில் கிடக்கும் தூண்டில் முள்.

கழுவுவது, வைப்பது?

நன்னீர்தான் வேண்டும். ஈசிஆர் ஓரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். வீட்டுக்கு வந்து வாளியில் மெட்ரோ வாட்டரில் பாரோடு அரை மணி போட்டு வையுங்கள். ரிலீஸுக்குள்ளும் தண்ணீரை ஓடவிடுங்கள். நிழலில் காயவிடுங்கள். எண்ணெய் எதுவும் போடாதீர்கள், மணலை ஒட்டவைக்கும்.

பாரில் எட்டு வடிவில் சுற்றி, முனைகள் அரை மீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, ரப்பரைப் போடுங்கள். மே மாத வெயிலில் கார் டிக்கியிலேயே நாள் கணக்கில் விட்டால் லைன் உருகாது, ஆனால் கைட்டின் வால்வு பசை விட்டுப்போகும்.

ராமேஸ்வரம் போகும்போது அமைப்பை மாற்ற வேண்டுமா?

லைனைவிட கைட் அளவுதான் மாறும். அங்கே தென்மேற்குக் காற்று நம் கடற்காற்றைவிட நிலையாக, வலுவாக வீசும். பாக் விரிகுடாப் பக்கம் ஆழமில்லாத தட்டைத் தண்ணீரும் உண்டு. 24-ல் ஓட்டி வந்தவர்கள் 22-லோ 20-லோ 9 கைட்டை ஓட்டிப் பாருங்கள், திருப்பும் வேகம் உடனே தெரியும். கரையலை இல்லாததால் கைட்டைத் திரும்ப எழுப்புவதும் அங்கே சுலபம்.

எப்போது புதிய லைன் வாங்க வேண்டும்? பழசை என்ன செய்வது?

முன் லைனை இழுத்துச் சமப்படுத்தியும் ஒரே மாதத்தில் மறுபடி பிசகினால், பின்னல் பஞ்சு போல் பூத்தால், ஒரு வெட்டு தட்டுப்பட்டால் மாற்றுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டுபவர் முன் லைனை முதலில் மாற்ற வேண்டி வரும், பின் லைன் இன்னும் தாங்கும். வாங்கும்போது நாலையும் ஒரே செட்டாக வாங்குவதுதான் எங்கள் பரிந்துரை. சேர்த்து மாட்டி, முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு மேலே சொன்னபடி அளந்து முடிச்சைத் திருத்துங்கள். புது லைன் அந்த இடைவெளியில்தான் கொஞ்சம் இறங்கும்.

பழைய லைனைக் கரையில் போடாதீர்கள். ஜனவரி முதல் நம் கரையில் ஆமை முட்டையிட ஏறும். அறுபடாத மெலிசுக் கயிறு அதன் துடுப்பில் சிக்கினால் அவிழாது. கையளவு துண்டுகளாக வெட்டி, வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். துணி காயவைக்கவும் பயன்படுத்தாதீர்கள். கழுத்து உயரத்தில் கட்டினால் கண்ணுக்குத் தெரியாது, தோலை அறுக்கும்.